128 கோர் கேட்டு மூன்று நாள் காத்திருந்தேன், ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது: பகிர்வுக் கிளஸ்டரில் வொர்ஃப் ஓட்டுபவர்கள் உதவுங்கள்

மழைக்கணக்கு, பட்டர்வொர்த்

எல்லோருக்கும் வணக்கம். நான் பினாங்கில் முதுகலை ஆய்வு மாணவி, இரண்டாம் ஆண்டு. 2017 நவம்பர் 4 மாலை தொடங்கி மறுநாள் காலை வரை பினாங்குத் தீவிலும் எதிரே நிலப்பகுதியான செபராங் பிறையிலும் கொட்டிய மழையைக் கணினியில் மறுபடி உருவாக்கிப் பார்ப்பதுதான் என் ஆய்வு. அன்று எனக்குப் பதினாறு வயது. வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். அப்பா அரிசி மூட்டையைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, பாட்டியை முதுகில் சுமந்து அடுத்த வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார். மின்சாரம் போன இருட்டில் கூரைத் தகரத்தைக் காற்று பிய்த்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மழை ஏன் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன்.

ஓட்டுவது வொர்ஃப் என்னும் வானிலை மாதிரி நிரல். வெளி மண்டலம் 9 கிலோமீட்டர் கட்டம், 100-க்கு 100 புள்ளிகள். உள் மண்டலம் 3 கிலோமீட்டர், 151-க்கு 151. உயரத்தில் 40 அடுக்கு. ஒரு நேரப்படி, அதாவது மாதிரி ஒரு தடவை முன்னே நகரும் நேரம், 45 விநாடி. தொடக்கத் தரவு ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா5 என்ற கடந்தகால வானிலைத் தரவுத் தொகுப்பு. நவம்பர் 3 முதல் மொத்தம் 72 மணி நேரம் ஓட வேண்டும்.

மடிக்கணினியில் முடியாது என்று மேற்பார்வையாளர் சொல்லி, கிளஸ்டரில், அதாவது பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினித் தொகுப்பில், கணக்கு கேட்டு விண்ணப்பித்தேன். படிவம், கையெழுத்து, ஆய்வுச் சுருக்கம், எத்தனை கோர்-மணி (கணக்கிடும் செயலிக்கரு எத்தனை, எத்தனை மணி நேரம் என்ற பெருக்கல்) தேவை என்ற மதிப்பீடு என்று மூன்று வாரம் போனது. அந்த மதிப்பீட்டுக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு பெரிய எண்ணைப் போட்டுவிட்டேன். பிறகு தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவி உருவாக்கி, பொதுச் சாவியை அனுப்பி, வீட்டிலிருந்து விபிஎன் வழியாக உள்ளே போனேன். கறுப்புத் திரையில் என் பெயரைப் பார்த்தபோது உண்மையிலேயே கண் கலங்கியது.

மறுநாளே கணக்கை முடக்கிவிட்டார்கள். தொடக்க நிலையைத் தயாரிக்கும் ‘ரியல்’ நிரலை உள்நுழைந்த இடத்திலேயே 16 செயலாக, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் 16 பகுதியாகப் பிரித்து, ஓட்டிவிட்டேன். அது தப்பு என்று மின்னஞ்சல் வந்த பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதி, ஒரு நாள் கழித்துத் திறந்துவிட்டார்கள்.

அடுத்து, வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் நிரலுக்கு ஸ்கிரிப்ட் எழுதி, சீக்கிரம் முடியட்டும் என்று 128 கோர், மூன்று நாள் நேரம் கேட்டு எஸ்பேட்ச் கட்டளையில் அனுப்பினேன். மூன்று நாள் வரிசையில் நின்றது. ஓடத் தொடங்கி ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. மண்டலம் இத்தனை செயலிகளுக்குச் சிறியது, துண்டின் பக்கம் குறைந்தது 10 புள்ளி இருக்க வேண்டும் என்று பிழைச் செய்தி. 64-ஆகக் குறைத்தேன். மறுபடி இரண்டு நாள் காத்திருப்பு. இந்த முறை ஓடியது, ஆனால் 16 கோரில் சோதித்துப் பார்த்ததைவிட மெதுவாக ஓடுகிறது! நான்கு மடங்கு ஆள் போட்டும் வேலை எப்படித் தாமதமாகும்? கிளஸ்டர் சரியில்லையா, என் ஸ்கிரிப்ட் சரியில்லையா? எனக்கு மொத்தம் 12 தடவை ஓட்ட வேண்டும், நான்கு வகை மேக நுண்ணியற்பியல் (மேகத்துக்குள் மழைத்துளி உருவாகும் கணக்கு), மூன்று வகை எல்லை அடுக்கு (தரையை ஒட்டிய காற்றின் கணக்கு). இந்த வேகத்தில் போனால் அடுத்த தீபாவளிக்கும் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வரிசைக்காவலன், கோலாலம்பூர்

தங்கச்சி, முதலில் ஒன்று. கணக்கு முடக்கப்பட்டதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பதினான்கு வருடம் ஒரு கிளஸ்டரைப் பார்த்துக்கொண்டவன் நான். புதிதாக வருகிற பத்துப் பேரில் ஐந்து பேர் முதல் வாரத்தில் இதைத்தான் செய்வார்கள். உள்நுழையும் நோட் (கிளஸ்டரில் ஒரு தனிக் கணினிக்கு நோட் என்று பெயர்) என்பது வீட்டு வாசல் மாதிரி, எல்லோரும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். அங்கே நீங்கள் 16 செயலை ஓட்டினால் இன்னொருவருக்குக் கோப்பைத் திறக்கக்கூட முடியாது. கோப்பு திருத்துவது, ஸ்கிரிப்ட் எழுதுவது, வேலை அனுப்புவது, இவை மட்டும்தான் அங்கே. ‘ரியல்’ போன்ற சின்ன வேலைக்கு எஸ்அலாக் கட்டளையில் நான்கு கோர் அரை மணி நேரம் கேளுங்கள், பெரும்பாலும் உடனே கிடைக்கும்.

இப்போது உங்கள் கேள்வி. கிளஸ்டர்மேல் தப்பு இருக்கிறதா என்று பிறகு பார்ப்போம், சிக்கல் முதலில் உங்கள் மண்டலத்தின் அளவில் இருக்கிறது. வொர்ஃப் என்ன செய்கிறது? மண்டலத்தைக் கேக் மாதிரி சதுரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு எம்பிஐ செயலுக்கும் (செயல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் முறைதான் எம்பிஐ) ஒரு துண்டைக் கொடுக்கிறது. ஒவ்வொரு நேரப்படியிலும் பக்கத்துத் துண்டின் ஓரத்தில் காற்று என்ன, வெப்பம் என்ன என்று கேட்டு வாங்கினால்தான் தன் துண்டைக் கணக்கிட முடியும். 128 செயல் என்றால் 8-க்கு 16 என்று பிரிக்கும். 100 புள்ளியை 16-ஆல் வகுத்தால் ஆறேகால். பத்துக்குக் கீழே போனதால் அது மறுத்தது. மறுத்ததே நல்லது, பழைய பதிப்பாக இருந்தால் மறுக்காமல் ஓடி உங்களை இன்னும் குழப்பியிருக்கும்.

64 என்றால் 8-க்கு 8, ஒரு துண்டு பன்னிரண்டரைப் புள்ளி. ஓடும். ஆனால் அந்தக் குட்டித் துண்டில் ஓரத்தில் இருக்கும் புள்ளிகள் எத்தனை, நடுவில் இருப்பவை எத்தனை என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எண்ணிப் பாருங்கள். ஓரத்திலிருந்து மூன்று வரிசை உள்ளே எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல் ஓரம்தான். கணக்குப் போடும் நேரத்தைவிடப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கும் நேரம் அதிகம். வொர்ஃப் பயனர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: கிழக்கு-மேற்குப் புள்ளிகளை 25-ஆல் வகுத்து, வடக்கு-தெற்குப் புள்ளிகளையும் 25-ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் பயன் தரும் அதிகபட்சச் செயல் எண்ணிக்கை. உங்கள் வெளி மண்டலத்துக்கு 4 பெருக்கல் 4, பதினாறு. உள் மண்டலத்துக்கு 6 பெருக்கல் 6, முப்பத்தாறு. மொத்த உழைப்பில் பெரும்பகுதி உள் மண்டலத்தில்தான் போகிறது, ஏனென்றால் புள்ளிகளும் அதிகம், வெளியில் ஒரு படி நகர்வதற்குள் உள்ளே மூன்று படி நகர வேண்டும். 10,000-க்கு எதிரே 68,403, அதாவது 87 விழுக்காடு. அதனால் 16-க்கும் 36-க்கும் இடையில் எங்கேயோ உங்கள் நல்ல இடம் இருக்கிறது. 2022-இல் அதிகாரபூர்வப் பட்டியலில் விநாடிக்கு ஒரு எக்ஸாஃப்ளாப் (ஒன்றுக்குப் பின் 18 சுழி போட்ட அளவு கணக்குகள்) என்ற எல்லையை முதலில் தாண்டிய, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருக்கும் ஃபிரான்டியர் கணினியைக் கொண்டுவந்து கொடுத்தாலும் இந்த 100-க்கு 100 கட்டத்துக்கு இதே கதைதான்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்னது இதற்கு அடுத்த அடுக்கு. நிரலில் 5 விழுக்காடு மட்டும் பிரிக்க முடியாத வேலை என்றால், எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. 16 கோரில் 9 மடங்கு, 64 கோரில் 15 மடங்கு. நான்கு மடங்கு கோர் கொடுத்து ஒன்றே முக்கால் மடங்குகூட கிடைக்கவில்லை. இதில் பேச்சுவார்த்தைச் செலவை ஆம்டால் சேர்க்கவே இல்லை.

ஆனால் 16-ஐவிட 64 மெதுவாக ஓடுகிறது என்றால் இன்னொரு காரணமும் இருக்க வேண்டும். உங்கள் ஸ்கிரிப்டில் ‘என்டாஸ்க்ஸ்’ 64 என்று மட்டும் எழுதி, எத்தனை நோட் என்று எழுதாமல் விட்டீர்களா? அப்படியானால் ஸ்லர்ம் எங்கெங்கே காலியோ அங்கங்கே எடுத்துக் கொடுத்திருக்கும், ஒரு நோட்டில் 7, இன்னொன்றில் 22, இப்படி. ஓரச் செய்தி எல்லாம் கம்பி வழியாக ஓட வேண்டும். சாக்ட் கட்டளையில் அந்த வேலைக்கு எந்தெந்த நோட் கிடைத்தது என்று பாருங்கள். கூடவே எம்பிஐ இன்பினிபேண்ட் என்ற வேகமான இணைப்பு வழியாகப் பேசுகிறதா, சாதாரண ஈதர்நெட்டுக்கு இறங்கிவிட்டதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். எந்த மாட்யூலில் (கிளஸ்டரில் ஏற்றிக்கொள்ளும் மென்பொருள் பதிப்பு) தொகுத்தீர்களோ அதே மாட்யூலை ஓட்டும்போதும் ஏற்ற வேண்டும்.

இனி வரிசை. மூன்று நாள் காத்திருந்ததற்குக் காரணம் 128 மட்டும் இல்லை, நீங்கள் கேட்ட மூன்று நாள் நேரமும்தான். நீங்கள் பட்டர்வொர்த், அதனால் இப்படிச் சொல்கிறேன். தீவுக்குப் போகும், கார்கள் ஏறிய பழைய ஃபெரி நினைவிருக்கிறதா? கார்கள் வரிசையாக நிற்கும், ஆனால் கார்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் மோட்டார்சைக்கிள்கள் நுழைந்து முன்னால் போய் நிற்கும். அதனால் எந்தக் காரும் தாமதமாகவில்லை, ஃபெரியும் காலி இடம் இல்லாமல் கிளம்பியது. ஸ்லர்ம் செய்வது அதேதான், பேக்ஃபில் என்று பெயர். ஒரு பெரிய வேலைக்காக நோட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக் காத்திருக்கும்போது, அந்த இடைவெளியில் முடிந்துவிடும் சின்ன வேலையை உள்ளே விடும். ஆனால் எவ்வளவு நேரத்தில் முடியும் என்று நீங்கள் எழுதிய எண்ணை வைத்துத்தான் அது முடிவு செய்யும். இரண்டு மணி நேர வேலைக்கு 72 மணி நேரம் எழுதினால், மோட்டார்சைக்கிளில் வந்தவர் லாரிக்குச் சீட்டு எடுத்த கதை.

எஸ்கியூ கட்டளை போட்டால் கடைசி நெடுவரிசையில் காத்திருக்கும் காரணம் தெரியும். ‘ரிசோர்ஸஸ்’ என்றால் இடம் இல்லை, அடுத்தது உங்கள் முறை. ‘பிரயாரிட்டி’ என்றால் முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள். அதே கட்டளையோடு ‘ஸ்டார்ட்’ சேர்த்தால் எப்போது தொடங்கும் என்று ஒரு மதிப்பீடும் வரும். அண்மையில் அதிகம் பயன்படுத்தியவருக்கு முன்னுரிமை குறையும், நாளாக ஆக அது பழையபடி ஏறும். வீணாக ஓட்டியதும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இது. 72 மணி நேரமும் வேண்டாம், மழையின் ஒரு மணி நேரத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். 4, 8, 16, 32, 64 என்று ஐந்து வேலை, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் கேளுங்கள். 32 வரை ஒரே நோட் என்று எழுதுங்கள். ‘ஆர்எஸ்எல் எரர் 0000’ கோப்பில் ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு விநாடி என்று அதுவே எழுதிவைக்கும். முடிவுகளை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.


கரிமச்சங்கிலி, ஆயர் ஈத்தாம்

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இதில் நான் இரண்டு வாரத்தை இழந்திருக்கிறேன். நான் வேதியியல், க்ரோமாக்ஸ் என்ற நிரலில் புரத மூலக்கூறின் அசைவை ஓட்டிப் பார்க்கிறேன். முதல் வேலையில் 24 செயல் கேட்டு எஸ்ரன் வழியாக ஓட்டினேன். ஓடியது, பிழை எதுவும் இல்லை, வேகம் மட்டும் வரவில்லை. இயக்குநர் பொறுமையாக இருக்கச் சொன்னார், நானும் இருந்தேன். பிறகு ஒருநாள் கோப்புறையைத் திறந்தால் பதிவுக் கோப்பின் நகல்கள், ஒன்று முதல் 23 வரை எண் போட்டு நிற்கின்றன! ஒரு கோப்பு ஏற்கனவே இருந்தால் க்ரோமாக்ஸ் அதை எண் போட்டு ஒதுக்கி வைக்கும். நான் ஏற்றியிருந்தது எம்பிஐ இல்லாத பதிப்பு. 24 பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யவில்லை, 24 பேரும் அதே வேலையைத் தனித்தனியாக, ஒரே கோரில் இடித்துக்கொண்டு செய்துகொண்டிருந்தார்கள்.

வொர்ஃபிலும் இது நடக்கும், தங்கச்சி. தொகுக்கும்போது கேட்ட கேள்வியில் எந்த எண்ணைத் தேர்ந்தீர்கள்? ‘சீரியல்’ என்பதைத் தேர்ந்திருந்தால் எத்தனை கோர் கொடுத்தும் பயன் இல்லை. ‘டிஎம்பார்’ என்ற எம்பிஐ பதிப்பு வேண்டும். ஒரு எம்பிஐயில் தொகுத்து இன்னொரு எம்பிஐயின் ‘எம்பிஐரன்’ கட்டளையில் ஓட்டினாலும் ஒவ்வொரு செயலும் தன்னை மட்டுமே தனி ஆளாக நினைத்துக்கொள்ளும். சரிபார்ப்பது எளிது: ஆர்எஸ்எல் கோப்புகளை எண்ணுங்கள். 16 செயல் என்றால் 0000 முதல் 0015 வரை 16 எரர் கோப்பு இருக்க வேண்டும். முதல் கோப்பின் தொடக்கத்தில் எக்ஸ் திசையில் 4, ஒய் திசையில் 4 என்று எழுதியிருக்கும். அங்கே 1, 1 என்று இருந்தால் அந்த நிமிடமே எஸ்கேன்சல் போட்டு நிறுத்துங்கள்.

‘ஓஎம்பி நம் த்ரெட்ஸ்’ என்ற மாறியையும் 1 என்று வைத்துவிடுங்கள். எம்பிஐயும் ஓப்பன்எம்பியும் (ஒரே நோட்டுக்குள் வேலையைப் பிரிக்கும் இன்னொரு முறை) கலந்து தொகுத்திருந்தால், அது வைக்காதபோது ஒவ்வொரு செயலும் நோட்டில் இருக்கும் எல்லாக் கோரையும் பிடிக்கப் பார்க்கும்.


மழைக்கணக்கு, பட்டர்வொர்த்

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு எல்லா வேலையும் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் பசியாற உட்காரும்போது ஐந்தும் முடிந்திருந்தன. 20 நிமிடம் என்று கேட்டதால் எதுவுமே காத்திருக்கவில்லை!

டிஎம்பார் பதிப்புதான், ஆர்எஸ்எல் கோப்புகளின் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. அண்ணன் ஊகித்தது சரி, பழைய 64 ஓட்டம் ஐந்து நோட்டில் சிதறியிருந்தது. மாட்யூலும் மாறியிருந்தது. தொகுக்கும்போது ஏற்றியது ஒரு ஓப்பன் எம்பிஐ பதிப்பு, ஸ்கிரிப்டில் இணையத்தில் பார்த்ததை அப்படியே ஒட்டியதால் வேறு பதிப்பு. செயல்கள் ஒன்றோடொன்று பேசின, ஆனால் நிர்வாகி பார்த்துச் சொன்னார், இன்பினிபேண்டை விட்டுவிட்டு ஈதர்நெட்டில் பேசியிருக்கின்றன. கிளஸ்டரைக் குறை சொன்னதற்கு வருந்துகிறேன்.

மாதிரியின் ஒரு மணி நேரத்துக்கு ஆன நேரம், ஒரே மாட்யூலில்:
4 கோர், 6 நிமிடம் 10 விநாடி.
8 கோர், 3 நிமிடம் 20.
16 கோர், 1 நிமிடம் 55.
32 கோர், முழு நோட், 1 நிமிடம் 20.
64 கோர், இரண்டு முழு நோட், 1 நிமிடம் 15.
பழைய சிதறிய 64, 3 நிமிடம் 5.

32-இலிருந்து 64-க்குப் போனதில் ஐந்து விநாடிதான் மிச்சம். ஒரு முழு நோட்டைக் கூடுதலாகப் பிடித்து ஐந்து விநாடி! வரிசையில் என் பின்னால் நின்றவர்களை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. 32 கோரில் 72 மணி நேர மழை 96 நிமிடத்தில் முடியும். நான் கேட்டது மூன்று நாள்.

அதனால் 12 ஓட்டத்தையும் 32 கோரில் ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம் என்று இருக்கிறேன். சரியா?


வரிசைக்காவலன், கோலாலம்பூர்

எண்கள் அருமையாக வந்திருக்கின்றன. ஆனால் 32 வேண்டாம், 16 போடுங்கள்.

ஒரே ஒரு ஓட்டம்தான், நாளைக்குள் வேண்டும் என்றால் 32 சரி. உங்களுக்கு 12 வேண்டும். ஒரு 32 கோர் நோட்டில் இரண்டு ஓட்டத்தை ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் 96-ம் 96-ம் 192 நிமிடம். அதே நோட்டில் 16, 16 என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் 138 நிமிடத்தில் இரண்டும் முடியும். நினைவகத்தை இரண்டும் பங்குபோடுவதால் கொஞ்சம் கூடலாம், 150 என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் லாபம். ஒரு மழையை நூறு துண்டாக வெட்டுவதைவிட, பன்னிரண்டு மழையை ஒரே நேரத்தில் பெய்ய விடுவதற்குத்தான் பகிர்வுக் கிளஸ்டர் பொருத்தம். அந்தப் பன்னிரண்டும் ஒன்றோடு ஒன்று பேசத் தேவையே இல்லை. ஆம்டால் கணக்கு அங்கே உங்களைத் தொடாது.

இதற்கு அரே வேலை என்று ஸ்லர்மில் தனி வசதி இருக்கிறது. ஒரே ஸ்கிரிப்ட், ‘அரே’ என்ற வரியில் 1 முதல் 12 வரை, பின்னால் விழுக்காட்டுக் குறி போட்டு 4. ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் ஓடாது என்று பொருள். கட்டாயம் இல்லை, ஆனால் எல்லோரும் பயன்படுத்தும் இடத்தில் அது மரியாதை. ஒவ்வொரு வேலைக்கும் தன் எண் ஒரு மாறியில் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து எந்த நுண்ணியற்பியல், எந்த எல்லை அடுக்கு என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை, தனி நேம்லிஸ்ட் (அமைப்புக் கோப்பு). ஒரே கோப்புறையில் ஓட்டினால் ஒன்றின் வெளியீட்டின்மேல் இன்னொன்று எழுதிவிடும், பன்னிரண்டும் பாழ். நேரம் 3 மணி 30 நிமிடம் கேளுங்கள்.

எல்லை அடுக்கை மாற்றும்போது தரையோட்டு அடுக்கின் (தரையைத் தொட்டிருக்கும் காற்று) எண்ணையும் சேர்த்து மாற்ற வேண்டும். எல்லை அடுக்கு வகை ஒய்எஸ்யூ என்றால் 1, எம்ஒய்ஜே என்றால் 2. ஒன்றை மட்டும் மாற்றினால் அது ஓடாமல் நிற்கும். 12 வேலையில் நான்கு தொடங்கிய உடனே செத்தால் முதலில் அங்கே பாருங்கள்.

கேட்க மறந்தேன். வெளியீட்டை எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதுகிறீர்கள்?


மழைக்கணக்கு, பட்டர்வொர்த்

5 நிமிடத்துக்கு ஒரு தடவை, அண்ணா. மழை எப்படி நகர்ந்தது என்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதால். சோதனை ஓட்டத்தில் மட்டும் நிறுத்தி வைத்திருந்தேன். முகப்புக் கோப்புறையில் 50 கிகாபைட் இடம் கொடுத்திருக்கிறார்கள்.


வரிசைக்காவலன், கோலாலம்பூர்

அப்படியானால் முதல் ஓட்டமே பாதி வழியில் இடம் நிறைந்து நிற்கும். 150-க்கு 150, 40 அடுக்கு, ஒரு எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு மாறிக்கு 3.6 மெகாபைட். அப்படி 25 மாறி எழுதினால் ஒரு தடவைக்குச் சுமார் 90. 72 மணி நேரத்தில் 864 தடவை. ஏறக்குறைய 78 கிகாபைட். பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கவே வேண்டாம். அதுமட்டும் இல்லாமல், எழுதும் ஒவ்வொரு முறையும் எல்லாச் செயலும் தன் துண்டை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருக்கும். 1 நிமிடம் 55 என்ற உங்கள் கணக்கு அங்கே போய்விடும்.

முழு வெளியீடு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். ஓர் ஓட்டத்துக்கு ஆறரை கிகாபைட். மழையையும் தரைக்காற்றையும் மட்டும் தனித் துணைக் கோப்பில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதச் சொல்லலாம், அவை ஒரே அடுக்கு என்பதால் இடமே பிடிக்காது. ஓடுவது ஸ்கிராட்ச் என்ற தற்காலிகச் சேமிப்புப் பகுதியில் ஓடட்டும். அங்கே பழைய கோப்புகளைத் தானாக அழிப்பார்கள், எத்தனை நாளில் என்று உங்கள் கிளஸ்டரின் விதியைப் பார்த்து, முடிந்த அன்றே வேண்டியதை எடுத்து வையுங்கள். ஸ்கிராட்சுக்கு யாரும் நகல் வைப்பதில்லை.


காற்றுத்திசை, கோலாலம்பூர்

வானிலைப் பக்கம் இருந்து ஒரு சொல். வொர்ஃப் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் எட்டு மணி முன்னால். நவம்பர் 3, 00 மணி என்று தொடங்குவது நமக்குக் காலை 8. முதல் சில மணி நேரத்தில் மாதிரி தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும், அந்த நேரத்து மழையை நம்பாதீர்கள். நவம்பர் 4 மாலைக்கு முன்னால் ஒன்றரை நாள் இருப்பதால் உங்களுக்குப் போதிய அவகாசம் உண்டு, நல்ல தேர்வு.

மழை மாறிகள் இரண்டும் தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டே போகும் கூட்டுத்தொகை. ஒரு மணி நேர மழை வேண்டும் என்றால் முந்தைய மதிப்பைக் கழிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு மாணவர் கழிக்காமல் வரைந்து, மழை விடவே இல்லை என்று முடிவுரைவரை எழுதிவிட்டார். மழைமானியோடு ஒப்பிடும்போது அந்த நிலையத்தின் ‘ஒரு நாள்’ எந்த மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.


மழைக்கணக்கு, பட்டர்வொர்த்

எல்லோருக்கும் மறுபடி வணக்கம். ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அரே வேலை முதல் தடவை போட்டதில் நான்கு உடனே செத்தன. அண்ணன் சொன்ன இடத்தில் பார்த்தேன், அதேதான், எம்ஒய்ஜே வரும் நான்கிலும் தரையோட்டு எண் மாற்றாமல் விட்டிருந்தேன். திருத்திப் போட்டேன்.

12 ஓட்டமும் சேர்த்து மொத்தச் செலவு 450 கோர்-மணிக்குப் பக்கத்தில் வருகிறது. நான் முதல் நாள் ஒரே ஓட்டத்துக்காகக் கேட்ட 128 கோரையும் மூன்று நாளையும் பெருக்கினேன்: 9,216. விண்ணப்பப் படிவத்தில் போட்டிருந்த எண்ணைத் திருத்தி நிர்வாகிக்கு எழுதிவிட்டேன். அவர் அந்த ஐந்து வரிச் சோதனை முடிவையும் கேட்டு வாங்கினார், புதிதாக வருபவர்களுக்குக் காட்டுவதற்காக.

முதல் ஓட்டத்தில் மழையின் உச்சம் கிழக்கே உள்நாட்டில் கூலிம் பக்கம் விழுகிறது. நிஜத்தில் அது கரையிலும் தீவிலும் கொட்டியது. மோரிசன் என்ற வகை நுண்ணியற்பியல் வரும் ஓட்டங்களில் பட்டை கொஞ்சம் மேற்கே நகர்கிறது, ஆனால் நேரம் மூன்று மணி பிந்துகிறது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை. அதுதான் இனி என் வேலை, கிளஸ்டரோடு சண்டை போடுவது இல்லை.

நேற்று அந்தப் படத்தைப் பாட்டிக்குக் காட்டினேன். “நம்ம வீடு எங்கடி இதுல?” என்று கேட்டார். 3 கிலோமீட்டர் கட்டத்தில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) முழுவதும் ஒரே புள்ளி. விரலை வைத்துக் காட்டினேன். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி படியேறி வந்தது, அந்த நேரத்தில் இந்தப் புள்ளி என்ன நிறம் என்று கேட்டார். எம்ஒய்ஜே நான்கில் இரண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முடிந்ததும் அந்தப் புள்ளியை மட்டும் 5 நிமிட இடைவெளியில் தனியாக எடுத்து வரையப் போகிறேன்.